தொண்ணூற்று நான்கு மீட்டர்

லென்ஸைக் கையில் எடுப்பதற்கு முன் சில செய்திகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் இடம் போதாமையால் அவற்றை எழுத இயலவில்லை.

இதை நான் புதிதாக வாங்கவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் வாங்கினேன். எழுபதிலிருந்து முந்நூறு மில்லிமீட்டர் வரை செல்லும்; எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது அருகே வரும். இருநூறைத் தாண்டும்போது வளையம் சற்று இறுகும், பிறகு இளகிவிடும். முன்கண்ணாடியின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குப் பூஞ்சை இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தெரியும். படத்தில் விழாது. மழைக்காலம் முழுவதும் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வைத்திருந்தும் அந்தப் பூஞ்சை வந்துவிட்டது. முன்னால் மாட்டும் ஹூடில் ஒரு விரிசல். கறுப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

நான் ஏன் விற்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பழைய பொருள் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. வங்கியில் இருக்கிறீர்கள் என்று சொன்னீர்கள். அங்கே இப்படி விட்டுவிட மாட்டீர்கள்.

சரி, கேமராவில் பொருத்துங்கள். முந்நூறுக்குக் கொண்டுபோய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா? அதன் பின்னால் செல்போன் கோபுரம் தெரிகிறதா? இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கும்?

இருபதடி என்கிறீர்கள். தொட்டி இருப்பது மேலவீதியில். கோபுரம் இருப்பது பேருந்து நிலையத்துக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு பெட்ரோல் பங்கும் இருக்கின்றன. இப்போது கேமராவை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பாருங்கள். பார்த்தீர்கள் அல்லவா. லென்ஸ் எதையும் பொய்யாகக் காட்டவில்லை. தொட்டி தொட்டிதான், கோபுரம் கோபுரந்தான். நடுவில் இருப்பதை மட்டும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டது.

உங்களைப் போல் கொக்கைப் படம் எடுப்பவருக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. கொக்குக்கு வேலை போகாது.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். சர்க்கரை போதுமா?

என் பெயர் மங்கையர்க்கரசி. இருபத்திரண்டு ஆண்டுகள் நாளிதழ் அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்தேன். கணினி வந்தது, பிழை திருத்தும் பிரிவை மூடினார்கள். ஆசிரியர் என்னை வீட்டுக்கு அனுப்ப மனம் இல்லாமல், கையில் ஒரு கேமராவைக் கொடுத்து, இந்த நெடும்பூருக்கே பகுதிநேர நிருபராகவும் படப்பிடிப்பாளராகவும் போட்டார். எழுத்தில் எப்படி இருந்தேனோ படத்திலும் அப்படியே இருந்தேன். யாரையும் நிற்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுக்க மாட்டேன். கணினியில் ஏற்றிய பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன். மங்கலான படத்தை வைத்துக்கொள்ள மாட்டேன். எடுத்த இடத்திலேயே அழித்துவிடுவேன். பிழையான சொல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால் அது அச்சில் ஏறிவிடும். இருபத்திரண்டு ஆண்டில் நான் கற்றது அது.

சென்ற ஆண்டு கார்த்திகையில் இந்த ஆற்றில் வெள்ளம் வந்தது. நீங்கள் வந்த வழியில் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றைக் கடந்திருப்பீர்கள். அங்கிருந்து மேற்கே பார்த்தால் எட்டுக்கண் மதகு தெரியும். எட்டு ஷட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் கையால் சுற்றும் ஒரு சக்கரம். மதகுக்கும் பாலத்துக்கும் இடையே ஒரு தரைப்பாலம் இருந்தது. ஆட்கள் குறுக்கு வழியாகப் போவார்கள். நடுவில் வெள்ளத்தின் அளவு பார்க்க ஓர் இரும்புத் தூண்.

அன்று காலை பத்து மணிக்குப் பால்காரர் பக்கிரிசாமி இரண்டு கேன்களோடு மொபெட்டில் தரைப்பாலத்தில் இறங்கினார். தண்ணீர் கணுக்காலளவுதான் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பாதி வழியில் இடுப்பளவு ஆகிவிட்டது. வண்டி போனது. அவர் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் யாரையும் இறங்க விடவில்லை. பாலத்தின் மேலிருந்துதான் எடுக்க முடிந்தது. முந்நூறில் வைத்து, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி எடுத்தேன். மொத்தம் இருபத்துமூன்று படங்கள். ரப்பர் படகு பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும், சாலையெல்லாம் தண்ணீர். நாற்பது நிமிடம் அவர் பிடித்திருந்தார். பிறகு விட்டுவிட்டார். நான் நின்ற பாலத்தின் அடியில்தான் போனார். அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பது என் விதிகளில் எழுதப்படாத ஒன்று.

இருபத்துமூன்றில் ஒன்பது மங்கல். பாலத்தின் ஓரத்தில் நின்றபடியே அழித்தேன். அவற்றில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். பால்காரருக்குப் பின்னால், மதகின் மேல், குனிந்த ஓர் உருவம். அசைந்துகொண்டே இருந்ததால் முகம் தெரியவில்லை. முகம் தெரியாத படம் செய்தித்தாளுக்கு ஆகாது. மிஞ்சிய பதினான்கில் ஒன்றை அனுப்பினேன். அதில் எல்லாம் தெளிவாக இருந்தன. தூணைக் கட்டிக்கொண்டிருக்கும் பால்காரர், அவருக்குப் பின்னால் காக்கிச் சட்டையில் ஒருவர். ஒரு கை இடுப்பில், ஒரு கை வாயருகில். மூக்கும் முழியும் தெரிந்தன. இவ்வளவு பழைய லென்ஸில் அவ்வளவு துல்லியம் வருவது அரிது. உங்களுக்கு விற்பதற்காகச் சொல்லவில்லை.

மாலையில் துணையாசிரியர் எட்வின் தொலைபேசியில் அழைத்தார்.

“மங்கை மேடம், படம் பிரமாதம். பின்னாடி பீடி குடிச்சிக்கிட்டு நிக்கிறானே, அந்த ஆளு யாரு?”

“மதகில் லஸ்கராக இருப்பவர். ஷட்டர் ஏற்றி இறக்குவது அவர் வேலை.”

“பேரு?”

“எ. வைரக்கண்ணு. முன்னெழுத்து எகர எ. ஏகாரம் போட்டுவிடாதீர்கள்.”

“அதெல்லாம் கரெக்டா போட்டுர்றேன் மேடம்.”

சரியாகத்தான் போட்டிருந்தார். ‘உயிர் போகிறது, ஊழியர் வேடிக்கை’ என்ற தலைப்பு அவருடையது. நான் எழுதி அனுப்பியது ஒரே வரி: ‘நெடும்பூரில் வெள்ளத்தில் சிக்கிய பால் வியாபாரி, பின்னால் மதகு ஊழியர்.’ அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

மறுநாள் ஊரே அந்தப் படத்தைச் செல்போனில் வைத்திருந்தது. கடைத்தெருவில் இருவர் பேசிக்கொண்டு போனதை நான் கேட்டேன். “பத்தடியில நிக்கிறான்யா. ஒரு துண்ட வீசியிருந்தாக்கூடப் புடிச்சிருப்பான்.” “துண்டு எங்க வீசுறது? பீடி அணைஞ்சிராது?” மூன்றாம் நாள் வைரக்கண்ணுவைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். மாவட்ட நிருபர் சங்கத்தில் என் படத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதோ, அலமாரியில் இருக்கிறது. துணி போட்டு மூடியிருப்பது தூசிக்காக.

தை மாதம் விசாரணை. சாட்சியாக என்னை அழைத்திருந்தார்கள். விசாரணை அலுவலர் வெளியூர்க்காரர், ஆற்றைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை. வெள்ளம் தரைப்பாலத்தையும் தூணையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. பால்காரர் எந்த இடத்தில் நின்றார் என்று காட்ட ஆற்றில் ஓர் அடையாளமும் தெரியவில்லை. மேசையின் மேல் என் படம் மட்டும் இருந்தது.

வைரக்கண்ணு எதிரே நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கை இரண்டையும் முன்னால் கட்டியிருந்தார்.

“ஷட்டர் எறக்கிக்கிட்டிருந்தேங்கய்யா. நாலு எறக்கிட்டேன். அஞ்சாவது புடிச்சிக்கிச்சு. கிரீஸ் கேட்டு மூணு மாசமா எழுதிக் குடுத்திருக்கேன். அது மட்டும் எறங்கியிருந்தா முட்டிக்குக் கீழ வந்திருக்கும் தண்ணி.”

“படத்துல சக்கரத்தையே காணோமே.”

“சக்கரம் பக்கிரிசாமி தலைக்குப் பின்னாடி மறைஞ்சிருக்குங்கய்யா.”

“பத்தடியில ஒருத்தன் சாகுறான். நீர் கையைக்கூட நீட்டலை.”

“பத்தடி இல்லீங்கய்யா.”

“படத்துல தெரியுதேய்யா.”

அப்போது வைரக்கண்ணு என்னைப் பார்த்தார். அலுவலரும் என்னைப் பார்த்தார். என்னிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. இந்தப் படத்தை எடுத்தது நீங்களா? ஆம். இதில் ஏதேனும் மாற்றம் செய்தீர்களா? இல்லை. இதில் இருப்பவர் இந்த ஊழியர்தானா? ஆம். மூன்றும் உண்மை. நான்காவதாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதற்கும் உண்மையையே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது சாட்சியின் வேலையா? நான் இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் எண்ணத்தில் முறை தவறிய ஓர் இடமும் எனக்குத் தென்படவில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் முதலில் அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது.

மாசிக் கடைசியில் அவரைப் பணிநீக்கம் செய்து ஆணை வந்தது. ஓய்வூதியமும் இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் மீன் கடையில் அவர் மனைவி தனபாக்கியம் எனக்கு எதிரில் நின்றார். சண்டை போடவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு பேர் கேட்கும்படி சொன்னார்:

“போட்டோக்கார அம்மா, என்னையும் ஒண்ணு எடுங்களேன். இந்தா, வஞ்சிரத்துக்குப் பக்கத்துல நிக்கிறேன். வாங்க வக்கில்லைன்னாலும் படத்துல கைக்கு எட்டுற மாதிரி வருமில்ல?”

மீன்காரி சிரித்தாள். நான் சில்லறையை வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

பங்குனியில் ஆறு வற்றியது. ஒரு காலையில் வைரக்கண்ணு இந்த வாசலில் வந்து நின்றார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலியைக் காட்டினேன்; உட்காரவில்லை. கையில் ஒரு புது டேப் வைத்திருந்தார். நிலம் அளக்கும் முப்பது மீட்டர் டேப்.

“அம்மா, தூணு நின்ன காங்கிரீட் கட்டை மணலுக்கு மேல தெரியுது. அளந்துடலாம்னு வந்தேன். ஒரு முனைய நீங்க புடிக்கணும்.”

“உங்கள் வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லியிருக்கலாமே?”

“எங்க வீட்டு ஆளு புடிச்ச டேப்ப எந்த ஆபீசர் நம்புவான்? படம் புடிச்ச கையே டேப்பும் புடிச்சா நம்புவாங்க.”

போனேன். கட்டையின் மேல் நான் ஒரு முனையை அழுத்திக்கொண்டேன். அவர் மதகை நோக்கி நடந்தார். டேப் தொய்ந்தால் அளவு கூடிவிடும் என்று சொன்னேன். “நல்லா இழுத்துப் புடிங்கம்மா, பிஞ்சா போயிரும்?” என்றார். மூன்று முழு நீளமும் அதற்கு மேல் நான்கு மீட்டரும் வந்தன. ஒருமுறை அளந்ததை நான் ஏற்பதில்லை. மறுபடியும் அளந்தோம். முதல்முறை தொண்ணூற்று நான்கு மீட்டர் இருபது சென்டிமீட்டர். இரண்டாம் முறை தொண்ணூற்று நான்கு மீட்டர் பத்து. அவர் இரண்டையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

முந்நூறு அடிக்கு மேல். இடையில் வெள்ளம்.

பிறகு நான் லென்ஸோடு பாலத்துக்குப் போனேன். மதகில் அன்றைக்கு நின்ற இடத்திலேயே அவரை நிற்கச் சொல்லியிருந்தேன். யாரையும் நிற்கச் சொல்லி எடுப்பதில்லை என்ற விதியை அன்று மீறினேன். அது செய்திப்படம் ஆகாது என்பதால் அதை மீறலாகக் கணக்கிடவில்லை. முந்நூறுக்குக் கொண்டுபோனேன். கட்டைக்குப் பின்னால், பத்தடியில், வைரக்கண்ணு. ஒரு கை இடுப்பில். ஒரு கை வாயருகில்.

நான் கண்ணை எடுக்கவில்லை. அப்போது காதில் விழுந்தது. ஆறு வற்றியிருந்ததால், அவ்வளவு தொலைவிலிருந்தும், மெலிதாக, ஆனால் தெளிவாக.

“விட்டுராத பக்கிரி. தண்ணி எறங்குது. விட்டுராத.”

திரும்பி வரும்போது கேட்டேன்: “அன்றைக்கும் இதையேதான் சொன்னீர்களா?”

“ஆமாம்மா. கையைக் குவிச்சிக் கத்துனேன். அவனுக்குக் கேட்டுச்சோ என்னமோ. எனக்குப் பீடிப் பழக்கமே கெடையாது. எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க.”

“விசாரணையில் ஏன் சொல்லவில்லை?”

“சொல்லியிருந்தா, பீடி குடிக்கலைன்னு நிரூபிடான்னு அதுக்கு ஒரு விசாரணை வெப்பாங்க.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “மேல் அதிகாரிக்கு அப்பீல் போடலாமாம். நாப்பத்தஞ்சு நாள் டயம். நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தாப் போதும்மா. தொண்ணூத்தி நாலு மீட்டருன்னு ஒரு வரி,” என்றார்.

எழுதித் தருவதாகச் சொன்னேன், எழுதவும் செய்தேன். என்னைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும், எழுதவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு வரி போதாது. நீங்கள் வங்கியில் இருப்பவர், உங்களுக்குப் புரியும். தூரம் மட்டும் சொன்னால், லென்ஸ் எப்படிச் சுருக்கியது என்று கேட்பார்கள். அதற்கு லென்ஸ் நிறுவனத்தின் சேவை மையத்திடமிருந்து ஒரு சான்று வேண்டும், கேட்டு எழுதினேன். பாலத்துக்கும் கட்டைக்கும் உள்ள தூரமும் வேண்டும். அதை நில அளவையர் ஒருவரை வைத்து அளக்கச் செய்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். முதல் வரைவில் ‘ஏறத்தாழ’ என்ற சொல் மூன்று இடங்களில் வந்துவிட்டது. ஏறத்தாழ என்று எழுதிய கடிதத்தை யார் மதிப்பார்கள்? மறுபடி எழுதினேன். பதினொரு வரைவுகள். எல்லாவற்றையும் அந்தக் கோப்பில் தேதி வாரியாக வைத்திருக்கிறேன்.

வைரக்கண்ணு இரண்டு முறை வந்து கேட்டார். இரண்டாம் முறை, “இருக்குறபடியே குடுங்கம்மா, எழுத்து நல்லாத்தானே இருக்கு,” என்றார். முடியாத ஒன்றை முடிந்ததாகக் கொடுப்பது எனக்குப் பழக்கம் இல்லை என்று சொன்னேன். சேவை மையத்தின் சான்று வந்த அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன். நாற்பத்தெட்டாம் நாள். மூன்றே நாள்தான் கூடுதல். காலம் கடந்தது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருந்தன.

இல்லை, அழித்த படங்களைப் பற்றிக் கடிதத்தில் எழுதவில்லை. கையில் இல்லாத ஒன்றைச் சான்றாக எப்படிக் காட்டுவது? ஆனால் கடிதம் திரும்பி வந்த பிறகு படங்கள் பதியும் அந்தக் கேமரா அட்டையைத் தஞ்சாவூருக்கு எடுத்துப் போனேன். அழிந்த படங்களை மீட்டுத் தரும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர், “இதுக்கு மேல நாலாயிரம் படம் எழுதியிருக்கீங்கம்மா, என்ன மிச்சம் இருக்கப் போகுது?” என்றார். இரண்டு நாள் கழித்து அழைத்து, ஒன்று அரைகுறையாகக் கிடைத்தது என்றார். மேல்பாதி முழுவதும் சாம்பல் நிறம். கீழ்ப்பாதியில் மதகின் தளம். வளைந்த முழங்கால் ஒன்று. இரும்புக் கம்பியில் ஊன்றி உதைத்திருக்கும் ஒரு பாதம். அதன் பக்கத்தில் சக்கரத்தின் கீழ் விளிம்பு. ஒரு மனிதன் தன் முழு எடையையும் கொடுத்து எதையோ சுற்றும்போதுதான் பாதம் அப்படி ஊன்றும். பின்னணி என்பதால் குவியம் அதில் நிற்கவில்லை.

அந்த உறையைத் திறக்க வேண்டாம், இப்படிக் கொடுங்கள்.

லென்ஸ் உங்களுக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். விலை விளம்பரத்தில் உள்ளதுதான். இனி நான் ஐம்பதைத் தாண்டி எதையும் பயன்படுத்தப் போவதில்லை. கண் எவ்வளவு பார்க்கிறதோ அவ்வளவு போதும். இந்தக் கதைக்குப் பிறகு இன்றுவரை முடிவானவற்றையும் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு நீங்கள் போகக் கூடாது.

மதகுக்கும் தூணுக்கும் இடையிலான தூரம் தொண்ணூற்று நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று நில அளவையரும் கையெழுத்திட்டார்.

ஐந்தாவது ஷட்டரை வைகாசியில் கழற்றிச் சீர்செய்தார்கள். இப்போது ஒரு கையால் சுற்றலாம்.

தரைப்பாலத்தைத் திரும்பக் கட்டவில்லை. பக்கிரிசாமியின் மனைவி அதே வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார், சுற்றுவழியாகப் போகிறார்.

வைரக்கண்ணு ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவலுக்கு இருக்கிறார். மழை பிடித்தால் வேலை நேரத்துக்கு முன்னால் மதகுக்குப் போய் நின்று பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்கிறார்கள்.

அரசுக்கு அனுப்பும் மறுசீராய்வு மனு ஒன்று மிச்சம் இருக்கிறது. புதிய சான்று இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் கடைசி நாள் இம்மாதம் முப்பது. இன்று இருபத்தாறு.

அந்தப் பாதிப் படம் இந்த உறையில் இருக்கிறது. வைரக்கண்ணுவிடம் இன்னும் காட்டவில்லை. மங்கலாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் தெளிவாக்க முடியுமா என்று சென்னையில் ஒருவரைக் கேட்டு எழுதியிருக்கிறேன். தெளிவாக்குவது படத்தை மாற்றுவதாகுமா என்றும் கேட்டிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.